கொடை ரோட்டில் நின்று கூட்ஸ் வண்டியைப் படிப்பது எப்படி

கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் கொடைக்கானல் ரோடு நிலையம் மலைநகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. விடியற்காலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வத்தலக்குண்டு பஸ்ஸைத் தேடி ஓடிவிடுகிறார்கள். ரயில் பார்ப்பதில் ஆசை உள்ளவர் ஓடக் கூடாது. பழனி மலை அடிவாரத்தில் கூட்ஸ் வண்டி பார்க்க இதைவிடத் தோதான நிலையம் இல்லை. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி, மேற்கே பழனி மலை, கிழக்கே சிறுமலை.

ஒரே சிக்கல், கூட்ஸ் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரயில் எங்கே என்று காட்டும் செயலிகள் பயணிகள் வண்டியை மட்டுமே காட்டும். சரக்கு வண்டிகளின் கணக்கு ரயில்வேக்குள் இருக்கும் தனி அமைப்பில் ஓடுகிறது, நமக்குத் திறக்காது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பெரிய ரயில் நிறுவனங்கள் பலவற்றில் ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் புறப்படும் ஊர், சேரும் ஊர், சரக்கின் வகை, தேதி எல்லாம் அடங்கிய ஒரு குறியீடு உண்டு. முதல் எழுத்தைக் கேட்டதுமே நிலக்கரியா, தானியமா, அவசரக் கன்டெய்னரா என்று அந்த ஊர் ரசிகர் சொல்லிவிடுவார். நம் ஊரில் அந்தத் தகவல் வேகனின் உடம்பில்தான் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எழுத்துகள். வேகன் பக்கவாட்டில் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருப்பது வகைப்பெயர். முதலில் வரும் 'பி' போகியைக் குறிக்கும்: ஒரு பக்கத்துக்கு நான்கு சக்கரம் வீதம் மொத்தம் எட்டுச் சக்கர வேகன். அடுத்த எழுத்து உடலைச் சொல்லும். 'ஓ' என்றால் மேலே திறந்தது, 'சி' மூடியது, 'டி' டாங்கி, 'ஆர்' தண்டவாளம் போன்ற நீளச் சரக்குக்கான தட்டை வேகன். கடைசியில் வரும் 'என்' காற்று பிரேக்குக்கு உரியது. ஒரு காலத்தில் வெற்றிட பிரேக் வண்டிகளிலிருந்து பிரித்துக் காட்ட அந்த எழுத்து தேவைப்பட்டது. இன்று எல்லாமே காற்று பிரேக்தான் என்றாலும் எழுத்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது சேர்த்துப் படியுங்கள். பாக்ஸ்-என் (BOXN): போகி, திறந்தது, 'எக்ஸ்' என்ற எழுத்துக்கு உயரப் பக்கச் சுவர், காற்று பிரேக். நிலக்கரி, ஜிப்சம், தாது எல்லாம் இதில். பி.சி.என்: மூடிய வேகன். அரிசி, கோதுமை, உரம், சிமென்ட் மூட்டை. பி.டி.பி.என் (BTPN): பெட்ரோல், டீசல் டாங்கி. தமிழில் எழுதும்போது இரண்டு 'பி'யும் ஒன்றாகிவிடுகிறது. முதலாவது போகியின் பி, மூன்றாவது பெட்ரோலியத்தின் பி. காஸ் டாங்கியில் நடுவே 'ஜி', 'எல்' என்று கூடுதல் எழுத்து வரும், டாங்கியும் நீளமாக இருக்கும். பி.எல்.சி என்பது தாழ்தளக் கன்டெய்னர் வேகன். 'ஓ'வுக்குப் பிறகு இன்னொரு 'பி' வந்தால் அடியில் கொட்டும் வசதி உள்ள ஹாப்பர். அதில் 'ஆர்' சேர்ந்தால் வேகமாகக் கொட்டும் நிலக்கரி ஹாப்பர், 'ஒய்' சேர்ந்தால் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லி.

பின்னொட்டுகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பாக்ஸ்-என் பெயருக்குப் பின்னால் 'எச்.எல்' இருந்தால் அது புதிய தலைமுறை: துருப்பிடிக்காத எஃகு உடல், தன் எடை குறைவு, ஏற்றும் சரக்கு அதிகம். 'எச்.எஸ்' இருந்தால் அதிவேகப் போகி. பி.சி.என்னுக்கும் பி.சி.என்.எச்.எல்லுக்கும் எழுத்தைப் பார்க்காமலே வித்தியாசம் தெரியும். பழைய பி.சி.என் சுமார் 14.5 முதல் 15.5 மீட்டர் நீளம், புதியது சுமார் 11 மீட்டர்தான், கட்டை குட்டையாக இருக்கும். ஆகவே ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழு வேகன் தொடரில், பழையது 40, 42 இருக்கும். புதியது 58 வரை போகும். இரண்டு ரேக்கின் மொத்த நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான், 600 மீட்டர் சொச்சம். காரணம், நிலையங்களின் லூப் லைனில், அதாவது வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதையில், அடங்க வேண்டும். லூப்பின் நீளத்துக்கு நெடுங்காலமாக 686 மீட்டர்தான் அளவுகோல். வேகன் எண்ணிக்கை அதற்குள் தீர்மானமாகிவிடுகிறது.

கன்டெய்னர் ரேக்கை எண்ண ஒரு சுருக்குவழி உண்டு. பி.எல்.சி ஐந்து ஐந்தாகப் பிணைந்திருக்கும். ஐந்தின் இரு முனைகளிலும் 'ஏ' வகை, நடுவில் மூன்று 'பி' வகை. ஐந்துக்குள் அவிழ்க்க முடியாத இணைப்பு, ஐந்துக்கும் ஐந்துக்கும் நடுவேதான் வழக்கமான கப்ளிங். முழு ரேக் 45 வேகன், அதாவது ஒன்பது தொகுதி. வேகனுக்கு இரண்டு 20 அடிப் பெட்டி வீதம் 90 பெட்டி. பெட்டியின் மேலும் எழுத்து உண்டு: 22ஜி1 என்றால் 20 அடி, 42ஜி1 என்றால் 40 அடி, 45ஜி1 என்றால் உயரம் கூடிய 40 அடி. தூத்துக்குடித் துறைமுகப் பாதையில் நிற்கிறவருக்கு இது உதவும்.

அடுத்தது பதினொரு இலக்க எண். இதுதான் வேகனின் ஜாதகம். முதல் இரண்டு இலக்கம் வகை: 10 முதல் 29 வரை திறந்தவை, 30 முதல் 39 வரை மூடியவை, 40 முதல் 54 வரை டாங்கி, 55 முதல் 69 வரை தட்டை, 70 முதல் 79 வரை ஹாப்பர், 85 முதல் 89 வரை பிரேக் வேன். அடுத்த இரண்டு, எந்த ரயில்வேயின் சொத்து என்பது. தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு, கட்டிய ஆண்டு. அதன் பின் நான்கு, தனி எண். கடைசி ஒற்றை இலக்கம் சரிபார்ப்பு எண்.

சரிபார்ப்பு எண்ணை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். தூசி படிந்து, பாதி பெயின்ட் உதிர்ந்த எண்ணைச் சரியாகப் படித்தோமா என்று தெரிந்துகொள்ள அதைவிட்டால் வேறு வழி இல்லை. ஒரு மாதிரி எண்: 30069841726. இடமிருந்து இரட்டைப்படை இடங்களில் இருப்பவை 0, 6, 8, 1, 2. கூட்டினால் 17, மூன்றால் பெருக்கினால் 51. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 3, 0, 9, 4, 7. கூட்டினால் 23. இரண்டையும் சேர்த்தால் 74. அதற்கு மேல் வரும் பத்தின் மடங்கு 80, வித்தியாசம் 6. கடைசி இலக்கமும் 6, ஆகவே படித்தது சரி: மூடிய வேகன், தெற்கு ரயில்வே, 1998. வித்தியாசம் ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் 3-ஐ 8 என்றோ, 1-ஐ 7 என்றோ படித்திருப்பீர்கள். 06 இல்லாத வேகன்கள் ஏராளமாக வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வேகன்கள் நாடு முழுவதுக்கும் பொதுவில் சுற்றுகின்றன, கிழக்குக் கடற்கரை ரயில்வே வேகன் சின்னாளபட்டி பக்கம் வருவதில் விசேஷம் ஒன்றுமில்லை.

மூன்றாவதாக, மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் பராமரிப்புக் குறிப்பு. கடைசியாகப் பெரிய பழுதுபார்ப்பு எங்கே, எப்போது நடந்தது, அடுத்தது எப்போது என்பது அங்கே இருக்கும். திருச்சி பொன்மலைப் பணிமனையின் சுருக்கெழுத்தை அங்கே அடிக்கடி பார்க்கலாம். 'சி.சி.+8+2' என்று எழுதியிருந்தால், வேகனின் அசல் கொள்ளளவுக்கு மேல் 8 டன் ஏற்றலாம், ஏற்றும்போது முன்பின் ஆனால் இன்னும் 2 டன் வரை பொறுத்துக்கொள்வார்கள் என்று பொருள்.

சுமையா, காலியா என்பதைப் பாக்ஸ்-என்னில் கீழிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, சுவர் மறைத்துவிடும். சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுமை வண்டியில் சுருள்கள் நெருங்கி அமுங்கியிருக்கும், காலியில் இடைவெளி விட்டு நிற்கும். காதும் சொல்லும். காலி ரேக் தகரக் கொட்டகை மாதிரி அதிரும். சுமை ரேக் முனகிக்கொண்டு போகும். சீரான இடைவெளியில் 'தட், தட்' என்று சம்மட்டி அடி கேட்டால் எங்கோ ஒரு சக்கரம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தபடியே இழுபட்ட சக்கரம் அப்படி ஆகும். கருகல் வாசனையும் புகையும் வந்தால் பிரேக் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். அதை மட்டும் வேடிக்கை பார்க்காமல் உடனே நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

எஞ்சினைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ரசிகர்களுக்கு அது தெரிந்த பாடம். வேக் (WAG), வேப் (WAP) என்று நாம் சொல்வதில் முதல் எழுத்து அகலப்பாதை, இரண்டாவது மாறுதிசை மின்சாரம், மூன்றாவது சரக்கா பயணியா என்பது. வேக்-9 எண்கள் 31, 32, 33, 41 ஆயிரங்களில் வரும். வேக்-7 பெரும்பாலும் 27, 28-இல். பக்கத்தில் எஞ்சினைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயர் இருக்கும்: ஈரோடு, அரக்கோணம், இப்படி. கடைசியில் கார்டு வேனையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டுச் சக்கரமுள்ள புது வேனா, நான்கு சக்கரப் பழைய வேனா என்பதும் பதிவில் வேண்டும். 2022-இலிருந்து கார்டு என்ற பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வேனுக்குப் பெயர் மாறவில்லை.

இவ்வளவையும் ஓடும் வண்டியில் படிக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பாக்ஸ்-என் ரேக்கில் வேகனின் நீளம் 10.7 மீட்டர். ஒரு வேகன் கண்ணைக் கடக்க 0.64 விநாடி. பதினொரு இலக்கம் படிக்க முடியாது. முதல் இரண்டும் வகைப்பெயரும்தான் கிட்டும். கேமராவில் ஷட்டரை 1/1000 விநாடியிலோ அதைவிட வேகமாகவோ வையுங்கள், மெதுவானால் எழுத்து இழுத்துக்கொண்டு போகும். கைபேசி வீடியோ என்றால் விநாடிக்கு 60 பிரேம். தண்டவாளத்துக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து கூடுதல் நேரம் சட்டகத்துக்குள் நிற்கும்.

சுலபமான வழி, வண்டி லூப்பில் இறங்கும் நிலையத்தில் நிற்பது. இங்கேதான் சிக்னல் உங்களுக்குக் கால அட்டவணையாகிறது. நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ஹோம் சிக்னலில் மஞ்சளோடு, மேலே ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்ந்த வரிசையில் எரிந்தால் வரும் வண்டி கிளைப்பாதையில் இறங்குகிறது. ஹோமுக்கு முன்னதாக வரும் டிஸ்டன்ட் சிக்னல் தெரியும் இடத்தில் நின்றால் அதற்கும் முன்பே இரட்டை மஞ்சள் சொல்லிவிடும். லூப் திருப்பத்தில் வேகம் 30-ஐத் தாண்டாது, சில இடங்களில் 15-தான். 30-இல் ஒரு வேகனுக்கு 1.28 விநாடி கிடைக்கிறது, பிறகு நின்றே விடுகிறது. பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் முந்திப் போகும்வரை வண்டி அங்கேதான். ஆகவே செயலியில் கூட்ஸைத் தேடாதீர்கள். வைகை மாதிரி ஓர் எக்ஸ்பிரஸ் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கு வழிவிட ஏதாவது ஒரு கூட்ஸ் எங்காவது ஒதுங்கியாக வேண்டும். அதே திசையில் இரண்டு மூன்று எக்ஸ்பிரஸ் அடுத்தடுத்து வரும் வேளையில் ஒதுங்கிய கூட்ஸ் சீக்கிரம் நகராது.

கொடை ரோட்டில் வெளிச்சக் கணக்கு எளிது. காலையில் தண்டவாளத்துக்குக் கிழக்கே நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில், வண்டியும் பின்னால் பழனி மலையும் பளிச்சென்று இருக்கும். மாலையில் மேற்குப் பக்கம் போய்ச் சிறுமலையைப் பின்னணியாக வையுங்கள். பழனி மலை அங்கிருந்து தூரம் என்பதால் கோடையில் வெயில் ஏறியதும் தூசியில் மங்கிவிடும். முதல் நாள் மழை பெய்த காலைதான் நல்ல நாள். மதுரையைவிடத் திண்டுக்கல் 100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, ஆகவே தெற்கிலிருந்து சுமையோடு வரும் வண்டிக்கு மொத்தத்தில் ஏற்றம். எஞ்சின் உழைக்கும் சத்தம் வேண்டுமென்றால் வடக்கே போகும் சுமை வண்டிக்குக் காத்திருங்கள்.

அடுத்த நிலையமான அம்பாத்துரை, காந்திகிராமத்துக்குப் பக்கம், கூட்டம் இல்லாதது. மதுரைப் பக்கம் வாடிப்பட்டியில் டிராக்டர்கள் ரயிலேறுகின்றன. பழைய பயணிகள் பெட்டியின் ஜன்னல்களை அடைத்து, முனையில் கதவு வைத்த வண்டிகள் வந்தால் அவை வாகனம் ஏற்றுபவை. திண்டுக்கல் சந்திப்பில் திருச்சி, கரூர், மதுரை, பழனி என்று நான்கு பக்கமும் பாதை பிரிவதால் வகை வகையாகப் பார்க்கலாம். ஆனால் மலைப் பின்னணி கம்பிகளுக்குள் சிக்கிக்கொள்ளும். எண் படிக்கத் திண்டுக்கல், படம் எடுக்கக் கொடை ரோடு.

மலை மிக நெருங்கி வருவது திண்டுக்கல்–பழனி–பொள்ளாச்சிப் பாதையில். ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, பழனி வரை தெற்கே மலைச்சுவர் கூடவே வரும். முன்பு மீட்டர் கேஜாக இருந்தது. திண்டுக்கல்–பழனி 2012-இலும் பழனி–பொள்ளாச்சி 2015-இலும் அகலப்பாதையாயின. ஒற்றைப் பாதை, சரக்குப் போக்குவரத்து கொடை ரோட்டோடு ஒப்பிட மிகக் குறைவு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் பார்த்து ரயிலில் காய்கறி போகும் என்று எண்ண வேண்டாம், எல்லாம் லாரிதான். நாள் முழுக்க நின்று ஒரு கூட்ஸும் வராமல் போகலாம். அப்படி ஒன்று வந்துவிட்டால் கிடைக்கும் படத்துக்கு ஈடில்லை.

அங்கே வெயில் ஒரு விளையாட்டுக் காட்டும். மலை தெற்கே இருப்பதால் நாம் பாதைக்கு வடக்கே நின்று தெற்கு நோக்கி எடுக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நேர் எதிர் வெயில், மலை கருநிழலாகிவிடும். பழனி சுமார் 10.4 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து சில நாளில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, ஆவணி பத்து தேதி வரை நமக்கு வடக்கேயே நிற்கும். அப்போது வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து வரும். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, புஷ்பத்தூர் பக்கம் டிரைபாடைச் சாய்த்துவிடும், மலை உச்சியை மேகம் மூடும். மிஞ்சுவது சித்திரை, வைகாசி. கோடை மழைக்கு அடுத்த காலை கிடைத்தால் விடாதீர்கள்.

நீலகிரியைப் பற்றி ஒரு வார்த்தை, கேட்பவர்கள் உண்டு. கூட்ஸ் தேடி மேட்டுப்பாளையம்–ஊட்டிப் பாதைக்குப் போக வேண்டாம், அங்கே ஓடுவது பயணிகள் வண்டிதான். ஆனால் எண் படிக்கும் பழக்கம் அங்கேயும் ஒரு வேடிக்கையைக் காட்டும். குன்னூர் வரை பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களின் எண் 37 ஆயிரங்களில் இருக்கும். வேப்-7 மின்சார எஞ்சின்களுக்கும் அதே 37 ஆயிரம் வரிசை உண்டு. 12.5 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் பல்சக்கரத்தைக் கடித்து ஏறும் வண்டியும் சமவெளியில் பறக்கும் வண்டியும் ஒரே வரிசை எண்ணில். எக்ஸ் வகையில் கடைசியாக வந்த சிலவும் பொன்மலையில் கட்டப்பட்டவைதான். கல்லாறு, ஹில்குரோவ் பக்கம் தண்டவாளத்தில் நடந்து போய்ப் படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தடை செய்யப்பட்டது என்பது ஒரு பக்கம், யானை நடமாடும் காடு அது.

சட்டம் சமவெளிக்கும் அதேதான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பிளாட்பார டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, நிலைய மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நில்லுங்கள். மேலே ஓடுவது 25,000 வோல்ட், தொடாமலே தாக்கும். நடைமேம்பாலத்தில் செல்ஃபி குச்சியை நீட்டாதீர்கள், பிளாட்பாரத்தில் ஈரக்குடையை உயர்த்தாதீர்கள். கன்டெய்னர் ரேக் நிற்காமல் கடக்கும்போது மஞ்சள் கோட்டிலிருந்து இன்னும் இரண்டு அடி பின்னால் போங்கள். பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அடிக்கும் காற்று தோளில் தொங்கும் பையை இழுக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு வண்டிக்கு ஒரு வரி போதும்: நேரம், திசை, எஞ்சின் எண், ஷெட், வேகன் வகை, எண்ணிக்கை, சுமையா காலியா, கார்டு வேன் வகை, நின்றதா கடந்ததா. எண்ணிக்கையை வாயால் எண்ணாதீர்கள், நாற்பதுக்கு மேல் நாக்குப் புரளும். பத்துக்கு ஒரு விரலை மடக்குங்கள். எஞ்சின் எண்ணை முதலில் எழுத வேண்டும் என்பது வழக்கம், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் எட்டு வேகன் போய்விடும். எஞ்சினுக்கு ஒரு படம் தட்டிவிட்டு, கண்ணை வேகனில் வையுங்கள்.